பதினொரு மணி இருபது நிமிஷம்

விமானக் கம்பெனியில் அவளுக்குக் 'கறார்' என்று பட்டப்பெயர். சும்மா வைக்கவில்லை. இரண்டு விமான நிலையங்களைச் சொன்னால் போதும். நடுவே எத்தனை கிலோமீட்டர், எதிர்காற்று எவ்வளவு, எத்தனை மணிக்குச் சக்கரம் தரையைத் தொடும் என்று பயணத் திட்டம் போட்டுக் கையில் கொடுத்துவிடுவாள். பத்து வருஷத்தில் அவள் கணக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் பிசகியதில்லை. பிசகினால் பைலட்டைத்தான் பிடித்துக் காய்ச்சுவாள். "நடுவுல எங்கயாவது இறங்கி டீ குடிச்சீங்களா?"

அன்று விடியற்காலையில் போட்டது சொந்தக் கணக்கு. இரண்டு வருஷமாக வெளிநாட்டு வேலையில் இருந்த கணவன் திரும்பி வருகிறான். 9,860 கிலோமீட்டர். பதினொரு மணி இருபது நிமிஷம். நம் கடிகாரப்படி ஐந்து மணிக்கு அங்கே கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது. சாயங்காலம் நாலு இருபதுக்கு இறங்கும்.

மத்தியானம் வேலை முடிந்து, நாலு வயது மகளைக் காப்பகத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தால், வீட்டு வாசலில் பெட்டியும் கையுமாக அவன் நிற்கிறான். மணி பன்னிரண்டரை.

"என்னங்க... எப்படி?"

"காத்து நல்லாத் தள்ளுச்சு," என்று சிரித்தான்.

எந்தக் காற்று அப்படித் தள்ளும்? மனசுக்குள் வகுத்துப் பார்த்தாள். மணிக்கு ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர். அந்த விமானம் ஜென்மத்தில் அந்த வேகத்தில் போகாது. போனை எடுத்தாள்.

"ரெண்டு வருஷம் கழிச்சு வந்தவனை உள்ள வாங்கன்னு கூப்பிடாம, ஆபீசுக்கா பேசப் போற?"

வெட்கமாகிவிட்டது. அதே குரல், இடது கன்னத்தில் அதே மச்சம். உச்சி வெயிலில் சட்டை மட்டும் ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது. முந்தின விமானத்திலேயே வந்திருப்பான், விளையாடுகிறான் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். அவளுக்கு அவன் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கணக்காவது மண்ணாவது!

சாப்பாடு வேண்டாம் என்றான். அப்பா முகம் மறந்துபோன மகள் முதலில் அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். அரை மணியில் அவன் தோளில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். விளையாடி அலுத்தவளைத் தூங்கவைக்கிறேன் என்று உள்ளறைக்குத் தூக்கிப்போனான். பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண் நிறைந்தது.

நாலே முக்காலுக்குப் போன் அடித்தது.

"எங்க இருக்க? பாப்பாவையும் கூட்டிட்டு ஏர்போர்ட்டுக்கு வர்றேன்னியே! உன் கணக்குன்னா கணக்குதான். நாலு இருபதுக்கு டாண்ணு இறங்கிட்டோம். பெட்டிகூட வந்தாச்சு."

கணவனின் குரல். அவனுக்குப் பின்னால் விமான நிலைய அறிவிப்பு கேட்டது.

தன் கணக்கு தப்பாக இருந்திருக்கக் கூடாதா என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டாள். உள்ளறைக்கு ஓடினாள். கதவு சாத்தியிருந்தது. தள்ளினால் அசையவில்லை, உள்பக்கம் தாழ்ப்பாள்.

"பாப்பா! கதவைத் திறடா கண்ணு!"

"அப்பா என்னைத் தூக்கி வச்சிருக்கார்மா. நாங்க கிளம்புறோம்."

"எங்கடி?" தோளால் கதவை இடித்துக்கொண்டே கத்தினாள். "எங்க?"

"ரொம்பத் தூரமாம், அம்மா," என்றது குழந்தை, தூக்கக் கலக்கத்தில். "ஆனா நேரமே ஆகாதாம்."