கொசுவுக்குக் காய்ச்சல் வருவதில்லை

கொசுவை எல்லாரும் அடிக்கிறார்கள். அதை அடிக்காமல், இறகு கசங்காமல், உயிரோடு பிடிப்பதுதான் என் உத்தியோகம். காகிதத்தில் ‘பூச்சி சேகரிப்பாளர்’. கள்ளக்குறிச்சி மாவட்டத்து வீடுகளில் ‘கொசுக்காரர்’. இதைப் படிக்கிற நேரத்தில்கூட நீங்கள் கணுக்காலைச் சொறிந்துகொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான். கடிபடுவதில் உங்களுக்கும் எனக்கும் வித்தியாசம் கிடையாது. என்னைக் கடித்த கொசுவிடம் நான் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

களமருதூரில் ஒரு விருந்தாளி

டெங்குக் கொசு பகலில் கடிக்கும். கடித்துவிட்டு, கொடியில் தொங்கும் சட்டைக்குப் பின்னாலோ கட்டிலுக்கு அடியிலோ போய் உட்கார்ந்துகொள்ளும். நான் டார்ச்சோடு கட்டிலுக்கு அடியில் போய், ஒரு குழாயின் முனையை அதன் மேல் வைத்து, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சுவேன். கொசு குழாய்க்குள் வந்துவிடும். வாய்க்குள் வராமலிருக்க நடுவில் வலைத்துணி இருக்கிறது. இதைச் சொல்லாவிட்டால் யாரும் எனக்குத் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள்.

களமருதூரில் நெல் அவித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னை உள்ளே விட்டார். நான் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அவர் கையில் ஒரு கொசு உட்கார்ந்தது. அவர் கையை ஓங்கினார். “அம்மா, அடிக்காதீங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் அவர் பயந்து நின்றுவிட்டார். வயிறு நிறையக் குடிக்கவிட்டு, குழாயில் எடுத்து, வலை போட்ட கோப்பைக்கு மாற்றினேன். சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு வைத்தேன். ஈரத்துண்டு சுற்றி, குளிர்பெட்டியில் இறக்கி ஜீப்பில் ஏற்றினேன். அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றார். கையைச் சொறிந்துகொண்டே சொன்னார்:

“எங்க வூட்டு ரத்தத்த குடிச்சிட்டு, அது ஜில்லுனு வண்டியில போவுது. நான் இங்க வேர்த்து ஊத்திக்கினு நெல்லு அவிக்கிறேன்.”

உளுந்தூர்பேட்டை சந்தேகம்

உளுந்தூர்பேட்டையில் லாரிகள் நிற்கும் இடத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவர் காசிம் பாய். அவர் கடையின் பழைய டயர்களில் தேங்கும் மழைத்தண்ணீர் எங்களுக்கு வற்றாத குளம். எத்தனை முறை கவிழ்க்கச் சொன்னாலும், “ஆவட்டும் சார்” என்பார். அடுத்த முறை போனால் புழு நெளியும்.

ஒருநாள் எங்கள் ஆராய்ச்சியாளர் தேன்மொழி மேடமும் கூட வந்திருந்தார். சென்னையில் ஆய்வுக்கூடம், சின்ன வயசு, என்னை ‘அண்ணே’ என்பார். நாங்கள் பிடித்து அனுப்பும் கொசுக்களின் உடம்பு வைரஸை எப்படி எதிர்க்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. காசிம் பாய் அவரிடம் கேட்டார்: “இவ்ளோ டெங்குவ வச்சிக்கினு பறக்குதே, அதுக்கு ஜொரம் வராதா மேடம்?”

மேடம் ஒரு டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கேள்வி பிடித்துப்போனால் அவர் அப்படித்தான். “வராது பாய். ஆனா அது சும்மா இல்ல. ரத்தத்தோட வைரஸ் உள்ள போனதும், அந்த வைரஸோட மரபு இழையைத் துண்டு துண்டா வெட்டுது. வெட்டின துண்டையே அடையாளமா வச்சிக்கிட்டு மிச்சத்தையும் தேடித் தேடி வெட்டுது. சில கொசுல வைரஸ் வயித்தையே தாண்டாது. தாண்டினாலும் எச்சிலுக்கு வந்துசேர ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகும். முழுசா ஒழிக்க அதால முடியல. ஆனா தனக்குக் கெடுதல் வராத அளவுக்கு அடக்கி வச்சிருக்குது. அதனாலதான் சாவற வரைக்கும் வைரஸையும் சுமந்துக்கிட்டு, நம்மையும் கடிச்சிக்கிட்டு இருக்குது.”

காசிம் பாய் கையிலிருந்த கடப்பாரையைக் கீழே வைத்து யோசித்தார். பிறகு சொன்னார்:

“என் சுகரு மாதிரின்னு சொல்லுங்க. அடக்கி வச்சிக்கினு நானும் டயர் தூக்கறேன். இன்னா ஒண்ணு, என்னுது யாருக்கும் ஒட்டாது.”

பெட்டிக்கு இடமில்லை

வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூரில் காய்ச்சல் இருப்பதாகத் தகவல் வந்தது. காய்ச்சல் வீட்டுக் கொசு என்றால் எங்களுக்கு முக்கியம். அந்த வாரம் முழுக்கக் கல்வராயன் மலையில் அலைந்து பிடித்த கொசுக்கள் ஏற்கெனவே குளிர்பெட்டியில் இருந்தன. கடைசி வீடாக மேடமும் நானும் அங்கே போனோம். இடுப்பு விட்டுப்போயிருந்தது. சீக்கிரம் முடித்துக்கொண்டு இறங்கிவிட வேண்டும் என்பது மட்டும்தான் என் நினைப்பு.

வீட்டுக்காரர் கண்ணம்மா, சாமை விளைவிக்கிறவர். மகள் செல்வி திருப்பூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை செய்துகொண்டிருந்தவள், காய்ச்சலோடு பஸ் ஏறி வந்திருந்தாள். “இன்னைக்கு ஜொரம் வுட்டுடுச்சி சார், தூங்கினுகீது” என்றார் கண்ணம்மா, நிம்மதியாக. நான் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடிக்கக் குனிந்தேன். தொங்கிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் கை என் தோளில் பட்டது. ஐஸ் மாதிரி இருந்தது. காலையிலிருந்து வாந்தி, வயிற்றுவலி, ஈறில் ரத்தக் கசிவு என்று கேட்கக் கேட்கத்தான் சொன்னார்கள். டெங்குவில் காய்ச்சல் விடுகிற சமயம்தான் ஆபத்தான சமயம். அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஆம்புலன்ஸ் மலை ஏறி வர நேரமாகும் என்றார்கள். மேடம் ஒரே வார்த்தைதான் சொன்னார்: “ஏத்துங்க.” பின்சீட்டில் செல்வியைப் படுக்கவைத்தோம். தலையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணம்மா. கால்மாட்டில் நான். பெட்டிக்கு இடமில்லை, ஜீப்பின் தலைமேல் கட்டினோம். வளைவு வளைவாக இறங்கும்போது, அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள். “செல்வி, கண்ணத் தெறம்மா” என்று மலையடிவாரம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் உடனே டிரிப் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். வெளியே வந்து பெட்டியை இறக்கித் திறந்தோம். மதிய வெயில் முழுக்க அதன் மேலேயே இறங்கியிருக்கிறது. கோப்பைகளின் அடியில் கொசுக்கள் எள் கொட்டியதுபோல் கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை. மேடம் ஒவ்வொரு கோப்பையாகத் தட்டிப் பார்த்தார். மூடியை மூடிவிட்டுச் சொன்னார்:

“போவட்டும் அண்ணே. கொசு ஒண்ணும் தீந்துபோற சரக்கு இல்ல.”

கண்ணம்மா கேட்டது

மறுநாள் வார்டுக்குப் போனேன். செல்வி சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தாலும் கண்ணில் தெளிவு வந்திருந்தது. என்னைப் பார்த்து, “நீங்கதான் தூங்கவே வுடலியா?” என்று கேட்டாள்.

கண்ணம்மா என்னோடு தாழ்வாரத்துக்கு வந்தார். “ஒரே கிருமிதானே சார்? கொசுவ ஒண்ணும் பண்ணல. எம்பொண்ண மட்டும் ஏன் இப்படிப் போட்டுப் பொரட்டுச்சி?” என்றார். மேடத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன். கொசு உடம்பு வைரஸோடு அளவாகச் சண்டை போடுகிறது. நம் உடம்போ சில பேருக்கு அளவு மீறிச் சண்டை போடுகிறது. அந்தச் சண்டையில் நம் ரத்தக்குழாயே கசிய ஆரம்பித்துவிடுகிறது. கண்ணம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கதவு வழியாக மகளைப் பார்த்தபடியே சொன்னார்:

“ஒரு கொசுவுக்கு இருக்கற நிதானம் எம்பொண்ணு ஒடம்புக்கு இல்லாம பூட்ச்சே சார்.”

நீங்களும் பட்டிருப்பீர்கள்

அடுத்த மாதமே எனக்கு டெங்கு. வேலைக்கே போகமுடியாமல் படுத்துவிட்டேன். எலும்பெல்லாம் கழன்றதுபோல வலி. நலம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆரஞ்சு கொடுத்தார்கள். என் மனைவி அடக்கவில்லை:

“எத்தினி வருசமா நீங்க அத்த புடிச்சீங்க. ஒருவாட்டி அது உங்கள புடிச்சிக்கினா இன்னா?”

வெள்ளிமலைக் கூட்டம்

செல்வி தேறி ஊர் திரும்பிய பிறகு வெள்ளிமலையில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் போட்டோம். தொட்டியை மூடுங்கள், தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள் என்று நான் எப்போதும் பேசுவதைப் பேசினேன். கூட்டம் எப்போதும்போலக் கொட்டாவி விட்டது. பிறகு மேடம் எழுந்தார். ஒருவகை பாக்டீரியாவைக் கொசுவுக்குள் குடியேற்றினால் அதன் உடம்பில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகாது, வெளிநாட்டில் சில ஊர்களில் அப்படிக் கொசுவையே வளர்த்து வெளியே விடுகிறார்கள் என்றார். கொட்டாவி நின்றது. வார்டு மெம்பர் எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சொன்னார்:

“ஒழிக்கறேன்னு வந்தீங்க, அப்பறம் புடிக்கறேன்னீங்க, இப்ப வளத்து வுடணும்ன்றீங்க. மொதல்ல நீங்க உள்ளுக்குள்ள பேசி ஒரு முடிவு பண்ணிக்கினு வாங்க.”

இத்தனை வருஷத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது, இந்தத் துறையில் களைப்பே இல்லாமல் வேலை பார்ப்பது கொசு ஒன்றுதான் என்பதே.