குரங்குக் குல்லாயும் நீச்சல் குளமும்

பட்டாபிராமில் வீட்டுக்குப் பின்னால் காலி இடம் இருந்தால் அங்கே ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடுவார்கள். என் கணவர் நீச்சல் குளம் கட்டினார். பூந்தமல்லியில் இருக்கும் அவருடைய தம்பி, ஒரே ஒரு மாடி உள்ள வீட்டுக்கு லிஃப்ட் வைத்ததிலிருந்து இவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, "நாமளும் ஏதாவது பண்ணணும்" என்று ஆரம்பித்தார். நான் சமையலறையைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னேன். குளம் வந்தது.

அவருக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. பெங்களூரிலிருந்து மகள் குழந்தைகளோடு கோடை விடுமுறைக்கு வந்தபோது பேரப்பிள்ளைகள் ஒரு வாரம் அதில் கிடந்து ஊறினார்கள். அந்த ஒரு வாரமும் இவர் கரையில் நின்று, "ஓடாதே, வழுக்கும்" என்று கத்திக்கொண்டிருந்தார். அவர்கள் ஊருக்குப் போன பிறகு, படிக்கட்டின் எவர்சில்வர் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை இறங்கி, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு ஏறிவிடுவார். தெருக்காரர்கள் அதைத் தொட்டி என்றுதான் சொல்வார்கள். "சார் வீட்டுத் தொட்டி ரொம்பிடுச்சா?" என்று யாராவது விசாரித்தால் அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிட மாட்டார்.

கோடையில் பிரச்சினை இல்லை. டிசம்பர் வந்ததும்தான் ஆரம்பித்தது.

எங்கள் பக்கத்தில் குளிர்காலம் என்றால் மின்விசிறியை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைப்பது. ஆனால் அதற்கு நாங்கள் செய்யும் ஏற்பாட்டைப் பார்த்தால் பனிமலைக்குப் படையெடுத்துப் போகிறோம் என்று நினைப்பீர்கள். இவர் விடியற்காலையில் குரங்குக் குல்லாய், ஸ்வெட்டர், மப்ளர், காலுக்கு சாக்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு நீச்சல் குளத்தைப் பராமரிக்கக் கிளம்புவார். கண் மட்டும்தான் வெளியே தெரியும். கையில் நீளமான கம்பு, அதன் முனையில் வலை. முதல் நாள் பால்காரர் பார்த்துப் பயந்து, பாலைக் கேட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில் அவருடைய போனில் ஒரு வீடியோ வந்தது. வெள்ளைக்காரர் ஒருவர் தன் வீட்டு நீச்சல் குளத்தின் ஓரத்தில் நின்று, குளிர்காலத்துக்கு முன்னால் குளத்தை எப்படி மூடிவைப்பது என்று சொல்லிக்கொடுத்தார். மோட்டாரை நிறுத்த வேண்டும், குழாய்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது, இருந்தால் உறைந்து குழாய் வெடித்துவிடும், மேலே கெட்டியான உறை போட வேண்டும். அவருக்குப் பின்னால் கூரையெல்லாம் பனி.

"ஏங்க, நம்ம ஊர்ல பைப்புல தண்ணி வர்றதே பெருசு. அது எங்க உறையப் போகுது?" என்றேன்.

"உனக்குத் தெரியாது. கிளைமேட் மாறிக்கினே போவுது. எதுக்கும் ரெடியா இருக்கணும்."

ஆவடிக்குப் போய் ஒரு பெரிய நீலத் தார்ப்பாய் வாங்கிவந்து குளத்துக்கு மேலே இழுத்துக் கட்டினார். மோட்டாரை நிறுத்தினார். மறுநாள் எதிர்வீட்டுக்காரர் கேட்டில் நின்று, குரலைத் தாழ்த்தி, "வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க? பந்தல் மாதிரி தெரிஞ்சுது, அதான்..." என்றார்.

அந்த வாரமே வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு. இரண்டு நாள் விடாமல் மழை. தார்ப்பாய் நடுவில் தொங்கி, அதில் தண்ணீர் நின்றது. இப்போது எங்களிடம் இரண்டு குளங்கள். கீழே ஒன்று, மருந்து போட்டது. மேலே ஒன்று, தவளை போட்டது. சாயங்காலம் ஆனால் தவளைகள் கச்சேரியை ஆரம்பித்துவிடும். டிவியில் செய்தி கேட்காது. தார்ப்பாயைத் தூக்கலாம் என்று இவர் ஒரு முனையை அவிழ்த்தார். அது தவளைகளோடு கிழிந்து உள்ளே போயிற்று. கீழே இருந்த தண்ணீர், மோட்டார் ஓடாமல் கிடந்து கிடந்து, கொத்தமல்லிச் சட்னி மாதிரி ஆகியிருந்தது.

தார்ப்பாயை இழுத்து வெளியே போட்டார். தவளைகளை ஒவ்வொன்றாக வலையில் பிடித்து ரயில்வே லைன் பக்கம் விட்டுவிட்டு வந்தார். பிறகு குளோரினைக் கொட்டினார். வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாசனை. கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுக்க வந்த என் நாத்தனார், மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாரு அட்மிட் ஆயிருக்காங்க?" என்றாள். மோட்டார் இரவும் பகலும் ஓடியது. ஒருவழியாகத் தண்ணீர் தெளிந்து நீலமாயிற்று. இவருடைய முகமும் தெளிந்தது. அப்போதுதான் பாதாம் மரம் இலையைக் கொட்டத் தொடங்கியது.

மரம் பக்கத்து வீட்டில் இருந்தது. கிளை எங்கள் குளத்தின் மேல் இருந்தது. சிவப்புச் சிவப்பாகத் தட்டு அகலத்துக்கு இலைகள். ஒன்றை எடுத்துவிட்டு நிமிர்வதற்குள் இன்னொன்று விழும். ஊறினால் தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தவர் ஒரு பாஸ்டர். அவருடைய ஹாலிலேயே சின்னதாக ஒரு சபை நடத்தினார். ஒல்லியான, எப்போதும் சிரித்த முகமான மனிதர். நாங்கள் கத்தோலிக்கர்கள் என்பதால் எங்களைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்ப்பார். நாங்களும் அவரை அப்படித்தான் பார்ப்போம். மற்றபடி நல்ல பழக்கம்.

இவர் சுவரோரம் போய் நின்றார். "பாஸ்டர், அந்தக் கிளைய வெட்டணும். இலையெல்லாம் என் குளத்துல."

"ஸ்தோத்திரம் பிரதர். வெட்டிடலாம். ஓனர்கிட்ட நான் பேசறேன். எனக்கும் உங்ககிட்ட ஒரு காரியம் கேக்கணும்."

காரியம் இதுதான். அவருடைய சபையில் சிலர் ஞானஸ்நானம் எடுக்கத் தயாராக இருந்தார்கள். எங்களுக்கெல்லாம் கைக்குழந்தையாக இருக்கும்போதே தலையில் தண்ணீர் ஊற்றி முடித்துவிடுவார்கள். அவர்களுக்கு வளர்ந்த பிறகு முழுசாக முழுக வேண்டும். வழக்கமாக ஒரு விவசாயக் கிணற்றுக்குப் போவார்கள். அந்தக் கிணற்றை மூடி மனை போட்டுவிட்டார்கள். ஏரியில் இப்போது தண்ணீர் அதிகம், பயம்.

என் கணவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அவருடைய குளத்தைத் தேடி ஒரு கூட்டம் வருகிறது. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் நிபந்தனை போட்டார். "எல்லாரும் மொதல்ல குழாயில குளிச்சிட்டுத்தான் எறங்கணும். சாயம் போற துணி கூடாது. முக்கியமா, தலைக்கு எண்ணெய் வச்சிட்டு வரக் கூடாது."

பாஸ்டர் சிரித்தார். "பாவத்தோட வரலாம், எண்ணெயோட வரக் கூடாதா பிரதர்?"

"பாவம் ஃபில்டர்ல அடைக்காது பாஸ்டர்."

கிறிஸ்துமஸ் முடிந்த சனிக்கிழமை காலையில் எல்லோரும் வெள்ளை உடுப்பில் வந்தார்கள். எல்லார் தலையிலும் எண்ணெய் பளபளத்தது. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு, குல்லாய் ஸ்வெட்டர் சகிதம், வலைக் கம்பை வேல் மாதிரி பிடித்துக்கொண்டு கரையில் நின்றார். பெண்கள் முதலில் இறங்கினார்கள். பாடிக்கொண்டே இறங்கி, முழுகி, பாடிக்கொண்டே ஏறினார்கள். கடைசி ஆள் குமணன்சாவடியில் டூவீலர் மெக்கானிக். புல்லட்டை ஒற்றைக் கையால் நகர்த்துகிற உடம்பு. முதல் படியில் கால் வைத்ததும் எடுத்துவிட்டார்.

"பாஸ்டரே, இன்னா இது ஐஸா கீது! கொஞ்சம் வெந்நி கலந்தா இன்னா?"

"பிரதர், விசுவாசத்தோட எறங்குங்க."

"விசுவாசம் கீது பாஸ்டரே. ஒடம்புதான் ஒதறுது."

பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் பாவப்பட்டு, கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு எடுத்த அண்டாவில் தண்ணீர் காயவைத்துக் கொண்டுவந்து ஊற்றினேன். அவ்வளவு பெரிய குளத்தில் அது போன இடம் தெரியவில்லை. ஆனால் ஊற்றியதைப் பார்த்ததிலேயே மெக்கானிக்குக்குத் தெம்பு வந்துவிட்டது. இறங்கினார்.

நெஞ்சளவு தண்ணீர். பாஸ்டர் ஜெபம் சொல்லி, ஒரு கையை முதுகில் கொடுத்து அவரைப் பின்னால் சாய்த்தார். சாய்ந்தவர் பாரம் தாங்காமல் பாஸ்டரும் சாய்ந்தார். காதில் தண்ணீர் போனதும் மெக்கானிக் பயந்து பாஸ்டரின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். இருவரும் உள்ளே போனார்கள். மேலே வந்தார்கள். மறுபடியும் போனார்கள். கரையில் இருந்தவர்கள் அதைப் பரிசுத்த ஆவி இறங்கிய அபிஷேகம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் சத்தமாகப் பாடினார்கள்.

விஷயம் எங்களுக்குத்தான் புரிந்தது. "ஏங்க! அவருக்கு மூச்சு முட்டுதுங்க!" என்று கத்தினேன். இவர் வலைக் கம்பை நீட்டினார். மெக்கானிக் அதைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். குல்லாய், ஸ்வெட்டர், மப்ளர், சாக்ஸ் அத்தனையோடும் என் கணவர் தலைகீழாக உள்ளே விழுந்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. நீச்சல் தெரியாத மனுஷன். கையைக் காலை அடித்தார், எதையோ குடித்தார். பிறகு திடீரென்று எழுந்து நின்றார். நின்றால் தண்ணீர் மார்பு வரைதான். கட்டியது இவர், ஆழம் எவ்வளவு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். ஒரு நிமிஷம் அப்படியே ஆச்சரியமாக நின்றவர், பாஸ்டரின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். மெக்கானிக் பாஸ்டரோடு சேர்ந்து தானாக வந்தார்.

கரையில் எல்லோரும் "அல்லேலூயா!" என்று கைதட்டினார்கள். பாஸ்டர் இருமி முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பிரதர், நீங்களும் முழுகிட்டீங்க."

"நான் வழுக்கி விழுந்தேன் பாஸ்டர். கணக்குல சேக்காதீங்க."

கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு நாங்கள் பூசைக்குப் போவதற்குள் இவர் சபை மாறிய செய்தி எங்கள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. எங்கள் தெரு ஜெபக்குழுவான அன்பியத்துப் பெண்கள் என் கையைப் பிடித்து, "தைரியமா இருங்க" என்றார்கள். பங்குத் தந்தை இவரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். இவர் வலைக் கம்பிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் விளக்கினார். கேட்டு முடித்துவிட்டு, "அது இருக்கட்டும், தண்ணி ரொம்பக் குளிரா?" என்றார் அவர்.

"இல்லை ஃபாதர். எறங்கிட்டா ஒண்ணுமே தெரியல" என்றார் இவர். அதைச் சொல்லும்போது அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

அவருக்கு ஜலதோஷம் பிடிக்கும் என்று நான் தைலமும் கஷாயமுமாகக் காத்திருந்தேன். ஒரு தும்மல்கூட வரவில்லை. பாஸ்டர் சொன்னபடி கிளையை வெட்டிக்கொடுத்தார். தண்ணீரில் மிதந்த எண்ணெயை மட்டும் எடுக்க ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய் என்ற வார்த்தையையே யாரும் சொல்லவில்லை. அதற்கப்புறம் தினமும் காலையில் அவரே இறங்கினார். குல்லாய் மட்டும் தலையில் இருக்கும். கம்பியை விட்டுவிட்டு, கைகளை விரித்துக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பார்.

"நீயும் வாயேன்" என்பார். "எனக்கு வேற வேலை இல்லியா?" என்பேன்.

ஜனவரியில் ஒரு நாள் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு அவர் மட்டும் போனார். எனக்கு முட்டிவலி என்று சொல்லி நான் வீட்டில் இருந்துவிட்டேன். பின்கதவைத் தாழ் போட்டேன். பக்கத்து வீட்டில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். நைட்டியோடு இறங்கினேன். முதல் படியில் மெக்கானிக் மாதிரியே காலை எடுத்தேன். பிறகு உள்ளே போய், தலையோடு ஒரு முழுக்குப் போட்டேன். நைட்டி குடை மாதிரி விரிந்து மேலே வந்தது. முட்டியில் வலியே இல்லை. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டும்வரை நடந்துகொண்டே இருந்தேன். சத்தமாகப் பாடக்கூடச் செய்தேன்.

சாயங்காலம் வந்தவர் குளத்தைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். "யாரோ எறங்கியிருக்காங்க. தண்ணி மேல எண்ணெய் மெதக்குது."

"சபைக்காரங்க யாராவது இருக்கும்" என்றேன், ஈரத்தலையை முந்தானையால் மூடிக்கொண்டு.

அவர் வலையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.