கால் குதிரை

ஒரகடம் பக்கத்தில், கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனியில் எனக்குக் குவாலிட்டி வேலை. தையல் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போவேன். ஒரு தையல் விட்டிருந்தால் கண்ணுக்குப் படும் முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். உடனே சிவப்பு ஸ்டிக்கர், சிவப்புக் கூடை. பல வருஷமாக இதையே செய்துவந்ததில் புத்தியே அப்படி ஆகிவிட்டது. கல்யாண வீட்டு சாம்பாரையும் பக்கத்து வீட்டுக் கோலத்தையும்கூட ஓகே, ரிஜெக்ட் என்று பிரித்துப் பார்க்கிறவள் நான். "உங்கையில தப்பிச்ச ஒரே ரிஜெக்ட் பீஸு நான்தாமே" என்று என் வீட்டுக்காரர் சொல்லாத நாள் கிடையாது.

அப்படிப்பட்ட நான் ரேஸ் குதிரையில் பங்கு வாங்கினேன். அதுவும் எல்லோரும் வேண்டாம் என்று ஒதுக்கிய குதிரையில்.

என் வீட்டுக்காரர் எங்கள் கம்பெனியின் ஷிப்ட் பஸ் ஓட்டுகிறார். சேரப்பணஞ்சேரி தாண்டி ஓரிடத்தில் கம்பி வேலி போட்ட பெரிய மைதானம் ஒன்று வரும். கிண்டியில் இன்னும் ரேஸ் நடந்துகொண்டிருந்த காலம் அது. அங்கே ஓடும் குதிரைகளில் சிலவற்றை ஓய்வுக்கும் பழக்குவதற்கும் இங்கே கொண்டுவந்து வைத்திருப்பார்கள். காலை ஷிப்டுக்குப் போகும்போது பஸ்ஸில் எல்லோரும் தூங்குவார்கள். நானும் என் பக்கத்து சீட்டுக்காரியும் மட்டும் ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு வருவோம். அவள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். லைனில் எனக்கு அடுத்த மேஜை. வாய் ஓயாது.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து திரும்பும்போது அந்த வேலிக்கு எதிரிலேயே பஸ் பஞ்சர் ஆனது. டயர் மாற்றும் வரைக்கும் சும்மா நிற்பானேன் என்று இரண்டு பேரும் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டோம். குதிரைகளைப் பழக்கும் டிரெய்னர் விரட்டத்தான் வந்தார். ஆனால் நாங்கள் கேட்ட கேள்விகளில் அவருக்குச் சிரிப்பு வந்து, நின்று பேச ஆரம்பித்துவிட்டார். எங்களைப் போன்றவர்கள் எல்லாம் ரேஸ் குதிரை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

"முழுக் குதிரை வாங்கணும்னு யார் சொன்னா? கால் குதிரை வாங்குங்க" என்றார்.

என் தோழி குதிரையைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எந்தக் கால சார் குடுப்பீய?"

அவர் சொன்னது கால் பங்கு. அது அவளுக்குப் புரியவே இல்லை. விளக்கிச் சொன்ன பிறகும், எந்தக் கால் நமக்கு என்று முடிவு செய்யாமல் வாங்கக் கூடாது என்று ஒரே பிடிவாதம்.

விலைக்கு இருந்தது சின்னதாக ஒரு பெண் குதிரை. பழுப்பு நிறம். வலது முன்னங்கால் கொஞ்சம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். அதனாலேயே யாரும் வாங்காமல் டிரெய்னர் தலையிலேயே நின்றுபோயிருந்தாள். நான் வழக்கம்போல அவள் காலில் கையை ஓட்டிக் குறை தேடினேன். குனிந்திருந்த நேரத்தில் அவள் என் கழுத்திலிருந்த கம்பெனி ஐடி கார்டை வாயில் கவ்விச் சப்ப ஆரம்பித்தாள். என் போட்டோ மேலெல்லாம் எச்சில். அவ்வளவுதான், எனக்கு அவள் மேல் ஆசை வந்துவிட்டது.

டிரெய்னர் எதையும் மறைக்கவில்லை. "வாங்குறது ஒரு நாள் செலவு மேடம். தீனி, லாடம், டாக்டர் எல்லாம் மாசாமாசம் வரும். அதுக்கு முடியும்னா வாங்க. இல்லைன்னா பஸ்லருந்தே பாத்துக்குங்க" என்றார். வீட்டுக்காரர் புது பைக் ஆசையைத் தள்ளிவைத்தார். தோழி நகைச் சீட்டைத் தள்ளிவைத்தாள். என் ஓ.டி. சம்பளம் இனிமேல் புல்லுக்கு என்று நான் எழுதிவைத்துவிட்டேன். யாரும் ஒரு பைசா பந்தயம் கட்டக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். மூன்று பேரும் சேர்ந்து ஒரு கால் வாங்கினோம். எந்தக் கால் என்று தோழிதான் முடிவு செய்தாள். திரும்பியிருந்த அந்த வலது முன்னங்கால்.

"அதத்தான்க்கா ஆரும் கேக்க மாட்டாவ. நாமளாச்சும் பாத்துக்கிடணும்லா" என்றாள்.

விஷயம் எப்படியோ எங்கள் வீட்டு ஓனரம்மா காதுக்குப் போய்விட்டது. மாடியிலிருந்து இறங்கி வந்தார். "நாயே வளக்கக் கூடாதுன்னு சொல்லிக்கீறேன். நீ இன்னாடான்னா குதிரய வாங்கிக்கினு வந்துகீறே. எங்க கட்டப்போறே?"

"எங்களுக்கு ஒரு கால்தாம்மா சொந்தம். அது அங்கயே கீது" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்போ மீதி மூணு காலு இங்க வருதா?" என்று கேட்டார் அந்த அம்மா. அவரைச் சமாதானப்படுத்தி மாடிக்கு அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சிரிப்பெல்லாம் இத்தோடு நின்றது. ரேஸில் குதிரைகள் இரும்புக் கேட்டுக்குள் வரிசையாக நின்று, கதவு திறந்ததும் பாய வேண்டும். ஆளுக்கு ஒரு அறை, பின்பக்கம் ஒரு கதவு, முன்பக்கம் ஒரு கதவு. புதுக் குதிரை அதற்குள் ஒழுங்காகப் போய் நிற்கிறதா என்று கிண்டியில் முதலில் பார்ப்பார்கள். எங்கள் பெண் நன்றாகவே ஓடினாள். ஆனால் கேட்டைக் கண்டால் நான்கு காலையும் மண்ணில் ஊன்றிக்கொள்வாள். இழுத்தாலும் வரவில்லை, தள்ளினாலும் போகவில்லை. இரண்டு முறை கிண்டிக்குக் கூட்டிப்போய் இரண்டு முறையும் தோற்றுத் திரும்பினாள்.

மீதி முக்கால் பங்கும் டிரெய்னருடையது. அவர் கணக்கு அவருக்கு. "இன்னும் ஒரே ஒரு வாட்டி பாப்பேன். அப்பவும் போகலைன்னா கல்யாண ஊர்வலத்துக்காரர் ஒருத்தர் கேட்டுக்கினு இருக்கார், குடுத்துருவேன். உங்க பங்கு உங்களுக்கு வந்துரும்" என்றார்.

ஊர்வலக் குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன். தலையில் ஜிகினா, காதடியில் பேண்டு வாத்தியம், காலடியில் சரவெடி. டப்பென்று ஒரு சத்தம் கேட்டாலே வெடவெடக்கிறவள் அவள். பங்குப் பணம் எனக்கு எதற்கு? அன்றைக்கு லைனில் என் கை தையல் மேல் போனது, மனசு போகவில்லை. "ரீவொர்க் பண்ணலாம் சார், ரிஜெக்ட் பண்ணாதீங்க" என்று அவருக்குப் போன் செய்து கெஞ்சினேன். அவருக்கு அது என்ன பாஷை என்றே விளங்கியிருக்காது.

அந்த வாரத்தில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் ஆயுத பூஜை என்றால் சாதாரணம் இல்லை. தையல் மெஷினிலிருந்து ஃபோர்க்லிஃப்ட் வரைக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு, மாலை, பொரிகடலை. பஸ்ஸுக்குப் பூஜை போட்டு முடித்ததும் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "பஸ்ஸு நம்புளுது இல்ல, அதுக்கே போட்டோம். குதிர நம்புளுது. அதுக்குப் போட வேணாமா? அதனாலதான் அடம் புடிக்குதோ இன்னாவோ."

எங்கள் மூன்று பேருக்கும் அது ரொம்ப நியாயமாகப் பட்டது. டிரெய்னர் ஊரில் இல்லை, குதிரை பார்த்துக்கொள்கிறவர் மட்டும் இருந்தார். பஸ்ஸை அப்படியே மைதானத்துக்கு விட்டோம். நெற்றியில் சந்தனம் வைத்தோம், கழுத்தில் முழம் முழமாய்ச் சாமந்தி மாலை போட்டோம். கற்பூரம் காட்டினோம். அது வரைக்கும் அவள் கல்யாணப் பெண் போல நின்றாள். பிறகு புது வண்டிக்கு நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைப்போமே, அதே வழக்கப்படி நான்கு குளம்புக்கும் முன்னால் ஒவ்வொரு பழம் வைத்தாள் தோழி. அந்தப் பக்கம் வீட்டுக்காரர் பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கி, நான் வேண்டாம் என்று கத்துவதற்குள் ஓங்கித் தரையில் போட்டார்.

பஸ் சத்தத்துக்குப் பயப்படாது. குதிரை பயப்படும். இந்தச் சின்ன வித்தியாசம் எங்கள் மூன்று மண்டைக்கும் நேரத்தோடு எட்டவில்லை.

கயிற்றைப் பிய்த்துக்கொண்டு பறந்துவிட்டாள். காலில் எலுமிச்சம்பழம் நசுங்க, மாலை காற்றில் ஆட, மைதானத்தைச் சுற்றி ஒரே ஓட்டம். நாங்கள் பின்னால் ஓடினோம். தோழி தெரிந்த சாமி பெயரையெல்லாம் கூப்பிட்டாள். நான் அழுதேவிட்டேன். அந்தத் திரும்பிய கால் எங்கேயாவது மடங்கினால் அதோடு அவள் கதை முடிந்தது.

மைதானத்தின் கோடியில், பழக்குவதற்கென்று வைத்திருந்த பழைய இரும்புக் கேட் இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தால், அதற்குள் நின்றுகொண்டிருக்கிறாள்! யாரும் இழுக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. எங்களிடமிருந்து தப்பிப்பதற்கு அவளுக்குக் கிடைத்த ஒரே மறைவு அதுதான். முதுகைக் காட்டிக்கொண்டு, கழுத்திலிருந்து நழுவிய மாலையை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தாள்.

குதிரை பார்த்துக்கொள்கிறவர் அதைப் போனில் படம் எடுத்து டிரெய்னருக்கு அனுப்பினார். டிரெய்னர் என்னைக் கூப்பிட்டுத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. இனி மைதானத்துக்குள்ளேயே கால் வைக்கக் கூடாது என்று மூன்று பேருக்கும் தடை. தடை அவர் ஊருக்குத் திரும்பும் வரைக்கும்தான் நீடித்தது. அவரே போன் செய்தார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"வர்றப்போ அந்தப் பூவு கொஞ்சம் வாங்கினு வாங்க மேடம்."

அதிலிருந்து தினமும் காலையில் கேட்டுக்குள் கொஞ்சம் சாமந்தி வைத்தார்கள். அவளும் தினமும் போய்த் தின்றாள். மூன்றாவது முறை கிண்டியில் டிரெய்னர் சட்டைப் பை நிறையப் பூவோடு அவள் மூக்குக்கு முன்னால் நடந்தார். போய் நின்றுவிட்டாள். ஆனால் ரேஸ் அன்று அது நடக்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அன்று கேட்டருகே அவரோ பூவோ போக முடியாது, முன்பின் தெரியாத ஆட்கள்தான் உள்ளே விடுவார்கள். "அன்னிக்கி உள்ள போகலைன்னா ஊர்வலத்துக்காரருக்குக் குடுத்துருவேன், அப்புறம் நான் மனசு மாற மாட்டேன்" என்றார்.

முதல் ரேஸுக்கு மூன்று பேரும் லீவு போட்டுவிட்டுப் போனோம். இருப்பதில் நல்ல புடவையைக் கட்டியிருந்தேன். உள்ளே நுழைந்ததும் அவ்வளவு கூட்டத்தில் எங்களுக்குக் கை கால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கேட் எதிர்ப்பக்கம் தூரத்தில் இருந்தது. எங்கள் பக்கத்தில் பைனாகுலரோடு நின்ற பெரியவர் ஒருவர், மேலே மாட்டியிருந்த டிவியைப் பார்க்கச் சொன்னார். எங்கள் குதிரை எது என்று விசாரித்தார். ஏழாம் நம்பர் என்று மூன்று பேரும் ஒன்றாகச் சொன்னோம்.

ஒவ்வொரு குதிரையாக உள்ளே போனது. எங்கள் ஏழாம் நம்பர், கேட்டுக்கு முன்னால் வந்ததும் நின்றது. காலை ஊன்றிக்கொண்டது. ஒரு ஆள் முன்னால் இழுத்தார். இரண்டு ஆட்கள் கைகோத்துப் பின்னாலிருந்து தள்ளினார்கள். அவள் இரண்டடி பின்வாங்கினாள். "போயிருமே, போயிரு" என்று வீட்டுக்காரர் டிவியைப் பார்த்துக் கெஞ்சினார். தோழியின் நகம் என் கையில் பதிந்திருந்தது. அவள் தலையைத் தாழ்த்தி, கேட்டின் தரையை மோந்து பார்த்தாள். பூவைத்தான் தேடுகிறாள் என்று எங்களுக்குத் தெரியும். அங்கே பூ இல்லை. இன்னும் உள்ளே இருக்குமோ என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி. முழுசாகப் போய்விட்டாள். பின்கதவு மூடிக்கொண்டது.

நான் அப்படியே தோழியைக் கட்டிக்கொண்டேன். அவள் ஓவென்று அழுதாள். பொது இடத்தில் என் கையைக்கூடப் பிடிக்காத மனுஷன் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து அணைத்துக்கொண்டு குதித்தார். சுற்றிலும் ஏதோ கூச்சல் எழுந்தது, உயர்ந்தது, அடங்கியது. நான் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது ஜனங்கள் கையிலிருந்த பந்தய டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர் பைனாகுலரை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உங்க குதிரை எத்தனாவதா வந்துச்சு?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தோழியைப் பார்த்தேன். மூன்று பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"உள்ள போச்சு சார்" என்றேன்.