பீடோருக்குப் போய் எடுத்த கைபடாத படம்

சனிக்கிழமை, காலை 7.15. ஈப்போ பஸ் நிலையத்திலிருந்து பீடோர் பஸ் புறப்பட்டது. கட்டணம் இரண்டு வெள்ளி அறுபது காசு. இடப்பக்க ஜன்னலோரம் இடம் பிடித்திருந்தேன். ஊரைத் தாண்டியதும் சுண்ணாம்புக் குன்றுகள் அந்தப் பக்கம்தான் வரும். மேகம் நன்றாகத் திரண்டிருந்ததால் கேமராவின் முன்னால் ஆரஞ்சுக் கண்ணாடி ஒன்றைத் திருகி மாட்டினேன். கருப்பு வெள்ளைப் படத்தில் வானத்தைக் கறுப்பாக்கி மேகத்தை எடுத்துக் காட்டும் கண்ணாடி அது. சிம்பாங் பூலாயில் பஸ் நின்றபோது குன்றை ஒரு படம் எடுத்தேன்.

கேமரா பழைய ஜப்பான் கேமரா. லூமுட்டில் மீன் இறக்கும் வேலை பார்த்தபோது ஒரு கப்பல்காரரிடம் வாங்கியது. பார்ப்பதற்கு மேலே ஒரு சின்ன ஓட்டை, படம் பிடிப்பதற்குக் கீழே வேறு கண். நான் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். லாரி, ஈயச் சுரங்கம், மீன்கூடை என்று பல வேலை மாறியும் கூடவே வந்தது இந்தக் கேமராதான். படச்சுருளை நானே கழுவி, நானே அச்சுப் போடுவேன். அடுத்தவன் கையை நான் நம்புவதில்லை.

நான் பீடோருக்குப் போனதும் நம்பிக்கை இல்லாத காரணத்தால்தான். அறையில் என்னோடு தங்கியிருக்கும் மணியம் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் வேலை செய்கிறான். வயது முப்பது. பீடோர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அவனுக்கு ஒரு பெண்ணின் படம் வந்திருந்தது. பெயர் செல்வி. முகத்தில் ஒரு மச்சம்கூட இல்லை, முட்டை மாதிரி வழவழப்பு. அதைப் பார்த்ததும் மணியத்துக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. இரண்டு வருடத்துக்கு முன் இப்படி ஒரு ஸ்டூடியோ படத்தை நம்பி சித்தியவானுக்குப் பெண் பார்க்கப் போனான். படத்துக்கும் பெண்ணுக்கும் அக்கா தங்கை அளவுக்குக்கூட ஒற்றுமை இல்லையாம். கொடுத்த காப்பியைத் தொடாமலே எழுந்து வந்துவிட்டான். அதை இன்றும் சொல்லிச் சிரிப்பான்.

"மச்சான், நீ போய் ஒரு படம் எடுத்துட்டு வா லா. ஸ்டூடியோக்காரன் கை படாத படம். அப்புறம் நான் போறேன்" என்றான்.

எனக்கும் ஸ்டூடியோக்காரர்களைப் பிடிக்காது. செத்துப்போன தகப்பனை வெட்டி ஒட்டிக் குடும்பப் படத்தில் உட்கார வைப்பார்கள். ஊரைத் தாண்டாதவனுக்குப் பின்னால் லண்டன் பாலம் நிற்கும். இதைவிட மோசமானது வரப்போகிறது என்று முதல் நாள் படச்சுருள் வாங்கப் போன கடையில் தவுக்கே, அதாவது சீன முதலாளி, ஒரு பத்திரிகையைக் காட்டினார். ஜப்பானில் படச்சுருளே இல்லாத கேமரா செய்திருக்கிறார்களாம். படம் ஒரு தகட்டில் பதியுமாம், டிவியில் பார்த்துக்கொள்ளலாமாம். "நெகட்டிவ் எங்கே?" என்று கேட்டேன். இல்லை என்றார். வேண்டாத படத்தை அழித்துவிட்டு அதே தகட்டில் வேறு படம் எடுக்கலாமாம். அப்படியானால் எடுத்தது எது, அழித்தது எது என்று யார் சொல்வது? கள்ளக் கையெழுத்துப் போடுகிறவனுக்குத்தான் அது உதவும் என்று சொல்லிவிட்டு என் சுருளை வாங்கிக்கொண்டு வந்தேன்.

9.10. பீடோர். கோப்பேங், கம்பார், தாப்பா எல்லா ஊரிலும் நின்று நின்று வந்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. மணியம் கொடுத்தனுப்பிய செல்வி படத்தின் பின்னால் ஸ்டூடியோவின் முத்திரை இருந்தது. பெரிய சாலையிலேயே, ஒரு சைக்கிள் கடையின் மாடி. முதலாளி ஐம்பது வயதுத் தமிழர். சரிவான சின்ன மேசையில் ஒரு நெகட்டிவை வைத்து, பின்னால் விளக்குப் போட்டு, ஊசி போல் சீவிய பென்சிலால் அதில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். திருடனை வேலை நேரத்தில் பிடித்த சந்தோஷம் எனக்கு.

படத்தை நீட்டி, "அண்ணே, இந்தப் பொண்ணு மூஞ்சில பென்சில் வெச்சீங்களா?" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "வெச்சேன். மூணு நாள் வேல."

"எதுக்கு?"

"அத நான் சொல்லமாட்டேன் தம்பி. டாக்டர்கிட்ட அடுத்தவங்க வியாதிய கேப்பியா? அவங்க அப்பா போடச் சொன்னாரு, போட்டேன்."

"பொய்தானே அது?"

இப்போது நிமிர்ந்தார். "நீ போட்டிருக்கிற சட்டைய இஸ்திரிப் பெட்டி போட்டுருக்கியே, அது பொய்யா? தலைக்கு எண்ண தடவியிருக்க, அது?" என் கேமராவைப் பார்த்தார். "அது நெசம் மட்டும்தான் பேசுமா?"

"படச்சுருள் பொய் பேசாதுண்ணே."

"சரி, நல்லா இரு" என்று மறுபடி குனிந்துகொண்டார். கிளம்புமுன் அவர் கையை உற்றுக் கவனித்தேன். நெகட்டிவில் வைத்த கறுப்பு, படத்தில் வெளுப்பாக விழும். தழும்போ பருவோ இருக்கும் இடத்தைப் பென்சிலால் நிரப்பினால் போதும். தெரிந்துகொண்டால் அடுத்த தடவை கண்டுபிடிக்கலாமே என்றுதான் பார்த்தேன்.

10.40. தோட்டம் பீடோரிலிருந்து மூன்று கட்டை, அதாவது மூன்று மைல். நடந்தேன். சாலையின் ஒரு பக்கம் ரப்பர்ப் பால் மரங்களை எல்லாம் சாய்த்துவிட்டு எண்ணெய்க்கான செம்பனை நட்டிருந்தார்கள். மறுபக்கம் யாரும் பால் வெட்டாத கிழட்டு மரங்கள், பட்டையில் பழைய வெட்டுக் காயங்களோடு நின்றன. பால் ஆலையின் கூரைத் தகடுகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இருபது வீடுகளில் ஒன்பதில் மட்டும் துணி காய்ந்தது.

செல்வியின் அப்பா வாசலிலேயே என்னை நிறுத்தினார். பழைய ஆலைத் தொழிலாளி. என்னைவிடச் சந்தேகக்காரர்.

"அதான் படம் அனுப்பியாச்சே தம்பி. இன்னொரு படம் எதுக்கு? மாப்பிள்ள பொண்ணு தேடுறாரா, போலீஸ்ல ஆள் தேடுறாரா?"

"அவன் கொஞ்சம் பயந்தவனுங்கையா."

"பயந்தவனுக்குக் கல்யாணம் எதுக்கு?"

உள்ளேயிருந்து செல்வி வந்தாள். கொய்யாத் தோட்டத்தில் பழம் பொறுக்கிக் கட்டும் வேலைக்குப் போகிறவள். அன்று வேலைக்குப் போகவில்லை. இடது காதுக்குக் கீழிருந்து தாடை வரைக்கும் செக்கச்செவேல் என்று ஒரு தழும்பு இறங்கியிருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"ஆசிட்டுண்ணே. பால் உறைய ஊத்துவாங்களே, அது. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுட்டுப் போனேன், மேல தெறிச்சிருச்சு."

அப்பா தரையைப் பார்த்தார். "படத்துல நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் மெதுவாக.

"நல்லாத்தான் இருந்துச்சுப்பா. அதப் பாத்துட்டு ஒருத்தர் தெலுக் இந்தானிலேருந்து வந்தாரே, மறந்துட்டீங்களா?" என்றாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "காப்பி வெச்சேண்ணே. ஆவி அடங்கல, எழுந்திரிச்சுப் போய்ட்டாரு. ஒன்பது வீடும் வாசல்ல நின்னு பாத்துச்சு. அந்தக் காப்பிய நான்தான் எடுத்துக் கீழ ஊத்துனேன்."

எனக்குச் சித்தியவானில் மணியம் தொடாமல் விட்ட காப்பி ஞாபகம் வந்தது.

"நீங்க பென்சில் வைக்கமாட்டீங்கதானே?"

"நம்ம கேமராவுல அதெல்லாம் இல்ல தங்கச்சி."

"அப்போ இந்தப் பக்கமே எடுங்க. நல்லாத் தெரியணும். தெரிஞ்சு வந்தா வரட்டும். தெரியாம இன்னொருத்தர் வந்து என் வீட்டுல எழுந்திரிக்கக்கூடாது. அவ்வளவுதான்."

இடது கன்னத்தைக் காட்டி வெயிலில் நின்றாள். மூன்று படம் எடுத்தேன். இரண்டில் நேராக, ஒன்றில் பக்கவாட்டாக. மூன்றிலும் சிரிக்கவில்லை. அப்பா எனக்கு இரண்டு கொய்யா கொடுத்தார். கோபம் போய்விட்டதா, நான் சீக்கிரம் கிளம்பட்டும் என்று கொடுத்தாரா, தெரியவில்லை. பிற்பகல் 2.30 பஸ்ஸில் ஈப்போ திரும்பினேன். வழியெல்லாம் ஸ்டூடியோக்காரரிடம் என்ன சொல்லலாம் என்று மனத்துக்குள் பேசிக்கொண்டே வந்தேன்.

ஞாயிறு, பிற்பகல் 2 மணி. மணியம் ஓவர்டைமுக்குப் போயிருந்தான். குளியலறை ஜன்னலைக் கம்பளியால் அடைத்துவிட்டு, முதல் நாள் கழுவிக் காயப்போட்டிருந்த சுருளிலிருந்து அச்சுப் போட ஆரம்பித்தேன். உள்ளே அவ்வளவு புழுக்கம், வேர்வை மருந்துத் தட்டில் சொட்டியது. முதல் தாளில் முகம் மெல்ல மேலே வந்தது. கண் வந்தது, மூக்கு வந்தது, கன்னம் வந்தது. தழும்பு வரவில்லை.

மருந்து பழசோ என்று புது மருந்து கலக்கினேன். இரண்டாவது படம், மூன்றாவது படம். வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன். முகம்தான் கறுத்து வெளுத்ததே தவிர, தழும்பு இருந்த இடத்தில் ஒரு நிழல்கூட விழவில்லை. வெளியே வந்து வெளிச்சத்தில் கேமராவைக் கையில் எடுத்தேன். முன்னால் ஆரஞ்சுக் கண்ணாடி அப்படியே இருந்தது. குன்றுக்குப் போட்டது. கழற்றவே இல்லை. மேலே இருக்கும் ஓட்டை வழியாகப் பார்த்தவனுக்குக் கீழே மாட்டியது எப்படித் தெரியும்? அந்தக் கண்ணாடி சிவப்பையெல்லாம் வெளுக்க வைக்கும். அவளுடைய சிவந்த தழும்பைத் தோலோடு தோலாக ஆக்கிவிட்டது. ஸ்டூடியோக்காரருக்கு மூன்று நாள் பிடித்த வேலையை என் கேமரா கண் சிமிட்டும் நேரத்தில் முடித்திருந்தது.

மணியம் ஐந்து மணிக்கு வருவான். இந்தப் படத்தைக் காட்டினால் நம்புவான். கைபடாத படம் என்று சொன்னவன் நான். நம்பி அடுத்த வாரம் போவான், செல்வி காப்பி கொண்டுவருவாள், அவன் எழுந்திருப்பான். படமே விழவில்லை என்று பொய் சொல்லலாம். இன்னொரு தடவை போய் எடுக்கலாம் என்றால் செவ்வாய்க்கிழமை தைப்பிங்குக்கு லாரி ஏறவேண்டும், வெள்ளிக்கிழமைதான் திரும்ப முடியும். பக்கவாட்டுப் படத்தை எடுத்து மேசையில் வைத்தேன். சமையல் கத்தியால் ஒரு பென்சிலைச் சீவினேன். ஸ்டூடியோவில் பார்த்தது போல நுனியை ஊசியாக்கிக்கொண்டு, காதுக்குக் கீழிருந்து தாடை வரைக்கும் அந்தத் தழும்பை வரைந்தேன். என் கைக்கு அது வரவில்லை. மூன்று தடவை அழித்து வரைந்ததில் தாள் தேய்ந்துபோனது. கடைசியில் கன்னத்தில் ஒரு கம்பளிப்பூச்சி ஏறுவது போல இருந்தது.

மணியம் வந்ததும் மற்ற இரண்டு படத்தைத்தான் முதலில் எடுத்தான். "ஒன்னுமே இல்லயே மச்சான்! ஸ்டூடியோக்காரன் நல்லவன் போல" என்று சிரித்தான். பிறகு மூன்றாவதைப் பார்த்தான்.

"இது என்ன லா?"

"தழும்பு. நான் வரைஞ்சேன்."

"எதுக்கு?"

"இருக்கு. கேமராவுல விழல." கண்ணாடியைக் காட்டி விளக்கினேன். அவனுக்கு விளங்கவில்லை, அல்லது நம்பவில்லை.

"ரெண்டு படத்துல இல்ல. ஸ்டூடியோ படத்துலயும் இல்ல. நீ கிறுக்குனதுல மட்டும் இருக்கு." என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "மச்சான், உண்மையச் சொல்லு. நீயே கட்டிக்கலாம்னு பாக்குறியா?"

அவன்மேல் கோபம் வரவில்லை. அவன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். செல்வி சொன்னதை அப்படியே சொன்னேன். தெலுக் இந்தான்காரரைப் பற்றியும், கீழே ஊற்றிய காப்பியைப் பற்றியும் சொன்னேன். காப்பி என்றதும் அவன் சட்டைப் பொத்தானைத் திருக ஆரம்பித்தான்.

"எந்தப் பக்கம்?" என்றான் கடைசியில்.

"இடது."

அடுத்த சனிக்கிழமை, 7.15 பஸ். இந்தத் தடவை இரண்டு பேர், ஐந்து வெள்ளி இருபது காசு. கேமராவை அறையிலேயே வைத்துவிட்டேன். குன்றுகள் மேகமே இல்லாமல் மொட்டையாக நின்றன. மணியம் சட்டைப் பையில் அந்தப் பென்சில் படத்தை வைத்திருந்தான். கம்பார் தாண்டும்வரை நான்கு தடவை எடுத்துப் பார்த்தான். திரும்பிவிடலாம் என்று சொல்வான் என்றே எதிர்பார்த்துக்கொண்டு வந்தேன். பீடோரில் இறங்கிய பிறகும் எனக்கு அந்தச் சந்தேகம் போகவில்லை.

லயத்தில் ஒன்பது வீட்டு வாசலிலும் ஆள் இருந்தது. செல்வியின் அப்பா என்னைப் பார்க்காமல் மணியத்துக்கு மட்டும் நாற்காலி போட்டார். செல்வி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். மணியம் பையிலிருந்து படத்தை எடுத்து, ஏனோ அவளிடமே நீட்டினான். அவள் அதை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயோ அண்ணே, என்ன இது, மீச மாதிரி வரைஞ்சிருக்கீங்க?" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "இங்க இல்லண்ணே. இன்னும் கீழ இறங்கும். இங்க பாருங்க, இப்படி வளையும்." காதிலிருந்து தாடைவரை விரலால் கோடு போட்டுக் காட்டினாள். மணியம் படத்தைப் பார்க்கவில்லை. அந்த விரல் போன வழியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு காப்பியை எடுத்துக் குடித்தான். சூடு தாங்காமல் நாக்கைச் சுட்டுக்கொண்டான். பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தார்கள்.

அவர்கள் கல்யாணம் கட்டி ஐந்து வருடம் ஆகிறது. நான் இப்போது பெரும்பாலும் லாரியில்தான் திரிகிறேன். அந்தப் பென்சில் படம் அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நெகட்டிவ் என்னிடம் இருக்கிறது. யாரும் தொடாத, ஒரு கீறல்கூட விழாத நெகட்டிவ். அதை வெளிச்சத்தில் பிடித்து யார் பார்த்தாலும் அந்தப் பெண்ணுக்குத் தழும்பே இல்லை என்று சத்தியம் செய்வார்கள்.