கண்ணாடி கழுவியவள்

ருவான் சாய்ஃபெங் தன் பதினான்காம் வயதில் பெண்கள் இசைநாடகக் குழுவில் சேர்ந்தாள். அப்போது அந்தக் குழுவுக்குச் சொந்தமாக அரங்கம் கிடையாது. படகில் ஊர் ஊராகப் போய், கோயில் முற்றத்திலும் நெல் களத்திலும் ஆடினார்கள். ஆண் வேடமும் பெண்களே. சாய்ஃபெங்குக்குக் கிடைத்தது எப்போதும் தோழி வேடம்தான். ஆனாலும் அவள் வாயைத் திறந்தால் ஜனங்கள் சிரித்தார்கள்.

பத்தொன்பது வயதில் விஷக் காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தது, குரல் பிழைக்கவில்லை. ஆற்றங்கரைப் பட்டுக் கிடங்கை அரங்கமாக்கி, அந்தக் குழுவையே நகரத்தின் குழுவாக அரசாங்கம் எடுத்துக்கொண்ட வருஷம் அது. பாட முடியாதவளுக்கு அங்கே என்ன வேலை? அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, நாயகன் வேடம் போடும் தாவ் ஹுயியின் என்ற மூத்த நடிகை குறுக்கே வந்து நின்றாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"வீட்டுக்குத்தான் அக்கா. தொண்டை போச்சே."

"தொண்டைதானே போச்சு, கை இருக்குல்ல? உன் கையெழுத்து மாதிரி இங்க யாருக்கு வரும்? மூட்டையப் பிரி."

அப்படித்தான் அவள் விளக்குப் பெட்டிக்கு வந்தாள். இழுத்து இழுத்துப் பாடும் பாட்டின் சொற்கள் பின்வரிசைக்குப் புரியாது. அதனால் அவற்றைச் சின்னச் சின்னக் கண்ணாடித் தகடுகளில் மையால் எழுதி, மேடையோரத் துணியில் வெளிச்சம் போட்டுக் காட்டுவார்கள். 'பாலத்தடிக் கல்யாணம்' என்ற நாடகத்துக்கு மட்டும் இருநூற்று எண்பது தகடுகள். ஒரு தகடு முந்திக்கொண்டால், தோழி வாய் திறக்குமுன்பே ஜனங்கள் சிரித்துவிடுவார்கள். பிந்தினால் நாயகனின் அழுகை வீண். சாய்ஃபெங்கின் விரல் முந்தியதும் இல்லை, பிந்தியதும் இல்லை. கே என்ற மேளக்காரர் அடிக்கும் அடியைக் கேட்டே தகட்டைத் தள்ளப் பழகியிருந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில், பழையதை ஒழிக்கும் அரசியல் இயக்கத்தின் பேரில், கையில் சிவப்புப் பட்டை கட்டிய இளைஞர்கள் வந்தார்கள். பழைய நாடகமெல்லாம் நஞ்சு என்றார்கள். முற்றத்தில் உடைகள் எரிந்தன, நாடகப் பிரதிகள் எரிந்தன. கண்ணாடி எரியாது. "புதுப் பாட்டு எழுதத் தேவைப்படும், கழுவி வை" என்று அவளிடம் சொன்னார்கள். மூன்று நாள் சோடா மாவும் வெந்நீருமாக உட்கார்ந்து கழுவினாள். தொட்டித் தண்ணீர் கறுத்தது. நான்கு தகட்டைச் சட்டைக்குள் ஒளித்திருக்கலாம். அந்தத் துணிச்சல் அவளுக்கு வரவில்லை.

குழு கலைந்தது. தாவ் தண்டனையாகப் பன்றிப் பண்ணைக்கு அனுப்பப்பட்டாள். சாய்ஃபெங் சோயா சாறு ஆலையில் புட்டி கழுவப் போனாள். கல்யாணமானது, ஒரு மகள் பிறந்தாள். ஆனால் அந்தக் கறுத்த தண்ணீர் மட்டும் நெஞ்சை விட்டுப் போகவே இல்லை. எட்டு வருஷம் கழித்து தாவ் ஊர் திரும்பினாள் என்று கேள்விப்பட்டதும், அவள் வரக்கூடும் என்று காய்கறி வாங்கும் சந்தையையே மாற்றிக்கொண்டாள்.

எழுபத்தெட்டு இலையுதிர் காலத்தில், ஆலை வாசலில் தாவ் நின்றாள். முடி பாதி நரைத்திருந்தது. நிற்கிற தோரணை மட்டும் அதே நாயகன்தான்.

"என்னைப் பாக்கக் கூடாதுன்னு சந்தையையே மாத்திட்டியாமே? அந்தச் சந்தை முள்ளங்கி மட்டம்."

சாய்ஃபெங் கையிலிருந்த புட்டிக் கூடையைக் கீழே வைத்தாள்.

"பழைய நாடகம் போடலாம்னுட்டாங்க, குழுவ மறுபடி சேக்கறாங்க. பாலத்தடிக் கல்யாணம்தான் முதல்ல போடணும்னு நான் சொல்லிட்டேன். பிரதி ஒண்ணுகூட இல்ல. என் பாட்டு எனக்குத் தெரியும். தோழியா ஆடினவ செத்துட்டா, அம்மாவா நடிச்சவளுக்கு ஞாபகம் போச்சு. உன் கண்ணாடியெல்லாம் எங்க?"

பன்னிரண்டு வருஷமாகப் பயந்த கேள்வி. தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "நான்தான் கழுவினேன் அக்கா. ஒண்ணு விடாம. என் கையாலயே."

தாவ் ஆலைச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"என் வெள்ளித் தலையணிய நெருப்புல போட்டது யாருன்னு நினைக்கற? அவங்க இல்லடி, நான். போடுன்னாங்க, போட்டேன். கைகூடத் தட்டினேன். இதுக்காகவா என்னைப் பாத்து ஓடின?"

சாய்ஃபெங் அங்கேயே, புட்டிக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். அழ அழ உடம்பு இலேசானது.

மறுநாள் காலை ஒத்திகைக் கூடத்தில் தோழியின் பாட்டைச் சொல்லச் சொன்னார்கள். ஒரு வரியும் வரவில்லை. "நான் பாடினவ இல்ல, தள்ளினவ" என்று கைபிசைந்தாள். கே கிழவர் வெற்றிலைப் பெட்டி அளவிலான தன் மேளத்தை எடுத்து முன்னால் வைத்தார். "அப்ப தள்ளு" என்று அடிக்கத் தொடங்கினார். சாய்ஃபெங்கின் வலது கை மேசைமேல் தானாக நகர்ந்தது. ஒவ்வொரு தள்ளலுக்கும் நான்கு வரிகள் கண்முன் வந்தன, அவள் எழுத்திலேயே, மை திட்டாகிப் போன இடம்கூட விடாமல். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். பதினொரு காலைகள் பிடித்தன.

ஒரே ஒரு தகடு வரவில்லை. பிரிவுக் காட்சியில் அம்மா பாடும் நான்கு வரி.

"விடு, அந்த இடத்துல அவ அழட்டும்" என்றாள் தாவ்.

"அப்ப துணியில என்ன காட்டறது?"

"ஒண்ணும் காட்டாத. அம்மா அழறது யாருக்குப் புரியாது?"

புது வருஷத்து மூன்றாம் நாள் மத்தியான ஆட்டம். நிற்க இடமில்லை. விளக்குப் பெட்டிக்குப் பின்னால் சாய்ஃபெங், புதிதாக எழுதிய தகடுகளை இன்னொரு முறை வரிசை பார்த்தாள். தோழி வேடத்தில் வந்தவள் இருபது வயதுப் பெண். முதல் வேடிக்கை வரிக்கு அவள் வாய் திறந்ததும் சாய்ஃபெங் தகட்டைத் தள்ளினாள். ஒரு மூச்சு நேரம் அமைதி. அப்புறம் அரங்கம் முழுக்கச் சிரிப்பு, அந்தந்த இடத்தில், முந்தாமல் பிந்தாமல். சாய்ஃபெங் அடுத்த தகட்டில் விரல் வைத்தாள்.

பிறகு பதினெட்டு வருஷம் அவள் அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை. வராத நான்கு வரிகளை, பழைய ஆட்டங்களைப் பார்த்தே மனப்பாடம் செய்திருந்த மீன் விற்கும் ஒருத்தி, அந்த முதல் ஆட்டம் நடந்த வாரமே வந்து பாடிக் காட்டியிருந்தாள். ஒரு சொல் பிசகு என்று தாவ் சாகும்வரை சாதித்தாள். சாய்ஃபெங் அதற்குச் சிரித்தபடியே நூடுல்ஸ் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்திவைப்பாள்.