சாமி இல்லை, தேவமலர்

ஜானகி அக்கா ஆயர் குரோவில் ஒரு ஹார்ட்வேர் கடையில் பெயிண்ட் கலந்து கொடுக்கிறார். வாங்கியவர்கள் நிறம் சரியில்லை என்று திருப்பித் தரும் டின்களை முதலாளி தூக்கிப் போடச் சொல்வார். அக்கா அவற்றை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். தெங்கேராவின் பின்தெரு லோரோங் ஒன்றில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு அவருடையது. அந்த வீட்டின் பக்கச் சுவரில் எந்த நிறம் ஏறும் என்பதைப் பாதி அவரும், பாதி ஊராரின் மனமாற்றமும் முடிவு செய்தன.

தேவமலர் எங்கள் பின்தெருவைக் கூட்டியவர். அலோர் காஜா பக்கம் ஒரு தோட்டத்தில் அக்காவும் அவரும் ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தார்கள். தோட்டம் வீடமைப்புப் பகுதியானபோது இரண்டு குடும்பங்களும் டவுனுக்கு வந்தன. போன வருடம் பெரிய சாலையில் கூட்டிக்கொண்டிருந்த தேவமலரை, பின்னால் வந்த லாரி ஒன்று மோதிக் கொன்றது. மறுநாள் அதே துடைப்பத்தோடு வேறொரு பெண் வேலைக்கு வந்தார். அந்த வாரமே அக்கா சுவரில் தேவமலரை வரைய ஆரம்பித்தார்.

சுவரின் கீழ்ப்பாதியில் சமையல் கேஸ் தோம்பும் மோட்டார் சைக்கிளும் இருந்ததால் இடுப்புக்கு மேல்தான் படம். அகலமான பொட்டு, கையில் நிமிர்த்திப் பிடித்த ஈர்க்குத் துடைப்பம். துப்புரவுத் தொழிலாளிகளின் மேலங்கி ஆரஞ்சு நிறம். ஆனால் அப்போது திரும்பி வந்திருந்த டின் மஞ்சள். அங்கிருந்துதான் குழப்பம் தொடங்கியது. மஞ்சள் உடை, பெரிய பொட்டு, கையில் ஏதோ கொத்து. கொஞ்ச நாளில் சுவரடியில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. பிறகு பூ வந்தது. கோலா சுங்கை பாருவிலிருந்து ஒருவர் கற்பூரத்தோடு வந்து லாட்டரி நம்பர் கேட்டார்.

"அவ வாழ்க்க பூரா நம்பர் எடுத்தா, ஒரு நாளும் அடிச்சதில்ல. உங்களுக்கு என்னத்தக் குடுக்கப் போறா?" என்று அக்கா அவரை அனுப்பி வைத்தார்.

இந்த வருடம் அனுமதி இல்லாத சுவர்ப் படங்களையெல்லாம் அழிக்க நகராண்மைக் கழகத்திலிருந்து உத்தரவு வந்தது. கடைக் கதவுகளில் இருந்த கிறுக்கல்கள், கால்பந்துக் குழுப் பெயர்கள், யாரோ வரைந்த பூனைகள் எல்லாம் சாம்பல் நிறத்துக்குள் போயின. சுற்றுப்பயணிகள் படமெடுக்கும் சுவர்களுக்கு மட்டும் அனுமதி இருந்தது. அக்கா வீட்டிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். சொந்தச் சுவர்தான், ஆனால் தெருவைப் பார்க்கிறதாம்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதனால் விசாரிக்க என்னை அனுப்பினார்கள். வழிபாட்டு இடங்களைத் தாங்கள் தொடுவதில்லை, அது வேறு பிரிவு என்று கழகக் கவுண்டரில் சொன்னார்கள். நான் சந்தோஷமாகத் திரும்பினேன்.

"அக்கா, சாமின்னு சொல்லிடுங்க. தொட மாட்டாங்க."

"யார? மலரையா?"

"ஒரு வார்த்ததானே லா. படம் நிக்கும்."

"படம் நிக்கும். மலரு எங்க நிப்பா?"

எதை எப்படிச் சொன்னால் காரியம் நடக்கும் என்பதைத்தான் இத்தனை வருடம் படித்தேனா என்று அன்று முழுவதும் யோசித்தேன். இருந்தாலும், அக்கா கடைசி நேரத்தில் ஒத்துக்கொள்வார் என்றே நம்பினேன்.

சனிக்கிழமை காலை ஆட்கள் வந்தார்கள். மேற்பார்வையாளர் புவனேஸ்வரன் படத்தைப் பார்த்ததும் காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றினார். ரோலர் வைத்திருந்த கவிநேசன் பின்வாங்கினான்.

"அண்ணே, அம்மன்ணே. நான் மாட்டேன். என் பொண்டாட்டி மாசமா இருக்கா."

அக்கா வெளியே வந்தார். புவனேஸ்வரன் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, நீங்க வாயத் தொறக்கவே வேணாம். தலைய ஆட்டுங்க, போதும். போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பிட்டுப் போயிடுறேன்."

நான் அக்காவின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

"சப்பாத்தப் போடு தம்பி. இது சாமி இல்ல. தேவமலரு. இந்த லோரோங்கக் கூட்டினவ. வேல செய்யும்போது லாரி அடிச்சுச் செத்தா. சாமின்னா விட்டுடுவ, தெருவக் கூட்டுறவன்னா அழிச்சிடுவியா? அப்ப அழி. ஆனா யாரை அழிக்கிறன்னு பேரச் சொல்லிட்டு அழி."

கவிநேசன் முதலில் சிரித்தான், பிறகு தலைகுனிந்தான். புவனேஸ்வரன் வெறுங்காலோடே ரோலரைத் தானே வாங்கி, "தேவமலர்" என்று சொல்லிவிட்டுச் சாம்பல் நிறத்தை ஏற்றினார். ஒரு பூச்சில் பொட்டு மறையவில்லை. மறுபடி பூசினார்.

அவர்கள் அக்கா வீட்டுக் குழாயிலேயே ரோலரைக் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா என்னைக் கூப்பிட்டார். இருவரும் கேஸ் தோம்பையும் மோட்டார் சைக்கிளையும் எங்கள் வாசலுக்குத் தள்ளினோம். அவர் சாக்குக்கட்டியோடு தரையில் உட்கார்ந்து, சாம்பல் பூச்சுப் படாமல் காய்ந்திருந்த அடிச்சுவரில் இரண்டு ரப்பர் பூட்ஸ் வரைந்தார். முழங்கால் வரை ஏறும் கனமான பூட்ஸ்.

"சாமி எங்கயாச்சும் பூட்ஸ் போடுமா?" என்றார் என்னிடம்.

"அக்கா, சமான் வரும், அபராதம் கட்டணும்," என்றார் புவனேஸ்வரன். "திங்கக்கிழம மறுபடி என்னையத்தான் அனுப்புவாங்க."

"வா. அதுக்குள்ள இடுப்பு வரைக்கும் வந்திருப்பா."