எண்ணூர் வண்டியும் மணலி புதுநகர் வண்டியும்

விடிய இன்னும் நேரம் இருந்தது. எண்ணூர் பேருந்து நிலையத்தில் முதல் வண்டி விளக்கை அணைத்துவிட்டு நின்றிருந்தது. திருவான்மியூரில் என் வீட்டிலிருந்து இங்கே முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது. வெறிச்சோடிக் கிடந்த சாலையில் வாடகைக் கார் முக்கால் மணி நேரத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டது. காற்றில் மண்ணெண்ணெய் போல ஒரு வாடை. அது டீக்கடைக்காரருக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை. நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டதைத்தான் அவர் பார்த்தார். பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீயை வாங்கி, சூடு ஆறும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

போக்குவரத்துத் திட்டமிடும் சிறிய தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். நகரத்தின் வடகோடியில் பேருந்துத் தடங்களை மாற்றியமைக்கப் பரிந்துரை எழுதித் தரும் பொறுப்பு அப்போது எங்களிடம் வந்திருந்தது. நிபந்தனை ஒன்றுதான்: புதிய வண்டி கிடையாது, இருப்பதை வைத்தே மாற்ற வேண்டும். எண்ணூரிலிருந்து காசிமேடு வழியாக ராயபுரம் போகும் நேர்ப் பேருந்துகளை விம்கோ நகர் மெட்ரோ நிலையத்தோடு நிறுத்திவிட்டு, மிச்சமாகும் வண்டிகளை மணலி புதுநகருக்குத் திருப்பலாமா என்பது கேள்வி.

கணினித் திரையில் விடை சுலபமாக இருந்தது. எண்ணூருக்கு மின்சார ரயில் உண்டு, பக்கத்தில் மெட்ரோவும் வந்துவிட்டது. மணலி புதுநகருக்கு இரண்டும் இல்லை. ஆனாலும் எழுதுவதற்கு முன் இரண்டு தடங்களிலும் ஒருமுறை போய்வர வேண்டும் என்று மேலாளரிடம் சொன்னேன். போய்வாருங்கள், ஆனால் வெள்ளிக்கிழமை அறிக்கை என் மேசையில் இருக்க வேண்டும் என்றார். இது வியாழக்கிழமை.

வண்டி கிளம்பும்போது ஏழெட்டுப் பெண்கள் ஏறினார்கள். ஆளுக்கொரு அலுமினிய அன்னக்கூடை, எல்லாம் காலி. நடத்துநர் பின்பக்கம் கையைக் காட்ட, கூடைகளைக் கடைசி இருக்கைக்கு முன்னால் அடுக்கினார்கள். சாதாரணப் பேருந்து என்பதால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் சரோஜா, ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய தாழங்குப்பத்துக்காரர். காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, எட்டு மணிக்குள் எண்ணூர் திரும்பி, குடியிருப்புத் தெருக்களில் விற்பது அவர் தொழில்.

கடற்கரைக் குப்பத்திலேயே இருந்துகொண்டு மீன் வாங்க ராயபுரம் பக்கம் ஏன் போக வேண்டும் என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"ஆத்துல மீனு இருந்தா நான் இன்னாத்துக்கு தங்கச்சி அவ்ளோ தூரம் போறேன்?"

அவர் கணவர் முகத்துவாரத்தில் வலை போட்டவர். அந்தக் காலத்தில் இறாலும் மடவையும் வாசலுக்கே வரும். பிறகு ஆற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்தது, சுடுதண்ணீர் வந்தது, ஒரு மழைக்காலத்தில் எண்ணெயும் வந்தது. இப்போது அவர் ஒரு கிடங்கில் காவலுக்கு இருக்கிறார். சரோஜா இதையெல்லாம் யாரோ ஒருவர் வீட்டுச் சங்கதி போலச் சொல்லிக்கொண்டு வந்தார். எர்ணாவூர் மேம்பாலத்தில் ஏறும்போது, வலப்பக்கம் ஆலைகளின் விளக்குகள் கல்யாண வீடு போல எரிந்துகொண்டிருந்தன.

ரயிலில் போகலாமே என்றேன். போயிருக்கிறாராம். போகும்போது சிரமமில்லை. திரும்பும்போதுதான் ஐஸும் மீனும் நிறைந்த கூடையைத் தூக்கிக்கொண்டு நடைமேம்பாலப் படி ஏற வேண்டும், முட்டி ஒத்துழைப்பதில்லை. மெட்ரோவைப் பற்றிக் கேட்டதும் பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒருமுறை வெறுங்கூடையோடு உள்ளே போகப் பார்த்தவரையே வாசலில் நிறுத்திவிட்டார்களாம்.

அந்த இருட்டில் சாலை எங்களுக்காகவே போட்டது போல இருந்தது. விம்கோ நகர், திருவொற்றியூர், சுங்கச்சாவடி எல்லாம் வேகமாகக் கடந்துபோயின. முக்கால் மணிக்குள் காசிமேட்டில் இறங்கிவிட்டோம். ஏலக்கூச்சலுக்கு நடுவில் சரோஜா வேறு ஆளாகிவிட்டார். சங்கரா ஒரு குவியலும் கானாங்கெளுத்தி ஒரு குவியலும் எடுத்தார், உடைத்த ஐஸைப் போட்டு மூடினார், சும்மாடு சுற்றித் தலையில் ஏற்றினார். என்னால் அவர் பின்னால் ஓடத்தான் முடிந்தது.

ஆறரை மணிக்குத் திரும்பும் வண்டி. வந்த சாலைதான், ஆனால் அடையாளம் தெரியவில்லை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் ஒன்றையொட்டி ஒன்று நின்றிருந்தன. இடுக்குகளில் இருசக்கர வாகனங்கள், பள்ளி வேன்கள், ஷேர் ஆட்டோக்கள். தண்டையார்பேட்டையைத் தாண்டவே அரை மணி நேரம் ஆனது. சூடு ஏற ஏற ஐஸ் கரைந்து, மீன்தண்ணீர் பேருந்தின் தரையில் முன்பக்கம் வரை ஓடியது. கல்லூரிக்குப் போகும் ஒரு பெண் காலைத் தூக்கி இருக்கையில் வைத்துக்கொண்டாள். வேட்டி கட்டிய ஒருவர், இவங்களுக்குத் தனி வண்டி விட்டால் என்ன என்று நடத்துநரிடம் முறையிட்டார். இருக்கிறதே இந்த ஒரு வண்டிதான் சார் என்று நடத்துநர் சொல்லிவிட்டு, தானும் வேட்டி நுனி நனைந்தவர் போலவே முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

எண்ணூர் போய்ச் சேர்ந்தபோது எட்டரை தாண்டிவிட்டது. வழக்கமாக வாங்கும் வீடுகளில் பாதிப்பேர் வேலைக்குப் போயிருப்பார்கள். சரோஜா அவசரப்படவில்லை. தினமும் இப்படியா என்று கேட்டேன். வாரத்தில் மூன்று நாள் இப்படித்தான் என்றார். கூடையைத் தலைக்கு ஏற்றிவிட நான் கைகொடுத்தேன். நினைத்ததைவிடக் கனம், அன்று பூராவும் என் தோள் வலித்தது.

அதன்பின் விம்கோ நகர் வரை ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்துப் போனேன். நிலையத்துக்குள் குளிர்ந்த காற்று, துடைத்த தரை. மெட்ரோ இருபது நிமிடத்துக்குள் வண்ணாரப்பேட்டையில் விட்டது. இதுதான் எங்கள் வரைபடத்தில் இருக்கும் எண்ணூர்ப் பயணம். நான் தனியாக, கையில் ஒரு பையோடு போனால் அது உண்மைதான். நன்றாகவே இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாலை ஆறரை. வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைத் தெருவை அடுத்த நிறுத்தத்தில் மணலி புதுநகர் வண்டிக்காக ஒரு கூட்டம் நின்றது. உட்கார இடமில்லை. பெரும்பாலும் கடைகளில் வேலை செய்யும் பெண்கள். நாள் முழுவதும் நின்றவர்கள், இங்கேயும் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி சாந்தி. முப்பது வயதுக்குள்தான். புடவைக் கடையில் விற்பனைப் பெண். இந்த வண்டி எப்போது வரும் என்று அவளிடம் கேட்டேன். வரும்போது வரும் மேடம் என்றாள், கிண்டல் இல்லாமல்.

ஏழேகால் வரை வண்டி வரவில்லை. வந்தபோது படியிலேயே ஆள் தொங்கியது. சாந்தி என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள், இல்லாவிட்டால் நான் ஏறியிருக்க மாட்டேன். புதுநகருக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல். திருவொற்றியூரில் திரும்பி மணலியைத் தாண்டியபின், பொன்னேரி நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டது. கண்டெய்னர் கிடங்குகளுக்குள் நுழையக் காத்திருந்த லாரிகள் இரண்டு பக்கமும் சாலையை அடைத்திருந்தன. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். கொஞ்ச நேரத்தில் பயணிகள் ஒவ்வொருவராக இறங்கி நடக்கத் தொடங்கினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. இது அவர்களுக்குப் பழக்கமாகியிருந்தது. சாந்தி இறங்கினாள், நானும் இறங்கினேன்.

நடைபாதை கிடையாது. ஒரு பக்கம் ஆளுயரச் சக்கரங்கள், மறுபக்கம் கரிய சேறு. லாரிகளின் விளக்கு வெளிச்சத்தில் தூசி மழை போல விழுந்தது. சாந்தி துப்பட்டாவை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு லாரியையும் தாண்டும்முன் ஓட்டுநரின் கண்ணாடியைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுத்தான் போனாள். ஏன் என்று கேட்டேன்.

"அவருக்கு நம்ம தெரியணும்கா. எங்க வூட்டுக்காரரு இதே ரோட்லதான் வுழுந்தாரு. அந்த டிரைவரு பாக்கவே இல்லைன்னான். நெஜமாவே பாத்திருக்க மாட்டான்."

மேடம் எப்போது அக்கா ஆனேன் என்று எனக்குத் தெரியவில்லை. கணவர் ஆலை வேலைக்கு பைக்கில் போனவர். கால் எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் இனி நின்று செய்யும் வேலை முடியாது. வீட்டில் அவள் சம்பளம் மட்டும்தான். நாலு வயது மகளைக் கணவர் பார்த்துக்கொள்கிறார், ஆனால் இவள் வராமல் குழந்தை சாப்பிடுவதில்லை. மணலிக்குள்ளேயே பாதிச் சம்பளத்துக்கு ஒரு வேலை கேட்டு வைத்திருக்கிறாள். பேருந்து சரியாக வந்தால் அதற்குப் போகமாட்டாள். முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்த பெண்களைக் காட்டி, எல்லார் வீட்டிலும் இதே பேச்சுதான் என்றாள்.

புதுநகர் முகப்பில் அவள் கணவர் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு, கைத்தடியோடு நின்றிருந்தார். குழந்தை தூங்கிவிட்டிருந்தது. சாந்தி செருப்புச் சேற்றை உதறிவிட்டு அவளை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அறிக்கை எழுத உட்கார்ந்தபோது, சாந்தியின் சுமையை இறக்கி சரோஜாவின் கூடையில் வைப்பது போலத்தான் இருந்தது. மேலாளரிடம் போய், நகரத்தின் மற்ற பகுதிகளிலிருந்து நாலு வண்டி எடுத்துத் தரக் கேட்கலாமே என்றேன். அவரும் அலுத்துப்போன மனிதர்தான். கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். நம் ஆய்வின் எல்லை ராயபுரத்தோடு முடிகிறது, அதற்குத் தெற்கே ஒரு வண்டியைக்கூட நாம் தொட முடியாது என்றார். கேட்டு ஒரு பத்தியாவது எழுதட்டுமா என்றேன். எழுதுங்கள், ஆனால் படிக்க மாட்டார்கள் என்றார்.

எழுதினேன். எண்ணூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் இரண்டு பேருந்து நடைகளையும் அவை திரும்பும் நடைகளையும் காசிமேடு வரை அப்படியே விட்டுவிட்டு, மற்ற வண்டிகளை மட்டும் புதுநகருக்குத் திருப்பலாம் என்று பரிந்துரைத்தேன். போக்குவரத்துக் கழகத்தோடு நடந்த கூட்டத்தில் அதை மறுத்த அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. இரண்டு நடைக்காக ஓட்டுநர், நடத்துநரின் வேலைமுறையைப் பிரிக்க முடியாது என்று விளக்கினார். அவர் சொன்ன கணக்கில் தவறு ஏதும் எனக்குத் தெரியவில்லை. கூடுதல் வண்டி கேட்ட பத்தியை யாரும் எடுக்கவே இல்லை. எண்ணூர் வண்டிகள் விம்கோ நகரோடு நின்றன.

மழைக்காலம் முடிந்தபின், வேறு வேலை எதுவும் இல்லாத ஒரு நாளில், நானாகவே மறுபடி போனேன். மாலையில் வண்ணாரப்பேட்டை நிறுத்தத்தில் கூட்டம் பாதியாகியிருந்தது. சாந்தி என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது இரண்டு வண்டி கூடுதலாக வருகிறது, சில நாள் உட்காரவும் இடம் கிடைக்கிறது, கடை வேலையை விடவில்லை என்றாள். லாரிகள் இன்னும் அப்படியேதான் நிற்கின்றன. வாரத்தில் ஓரிரு நாள் நடக்கிறார்கள்.

அதற்கு முன், காலையிலேயே எண்ணூர் போயிருந்தேன். சரோஜா கடைத்தெரு ஓரத்தில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். நாலு பெண்களாகச் சேர்ந்து சரக்கு ஆட்டோ ஒன்றைப் பேசியிருக்கிறார்கள். ஆட்டோவுக்குக் கொடுத்ததுபோக மிஞ்சுவது குறைவு என்பதால், இப்போது தெருத்தெருவாகப் போகாமல் ஒரே இடத்தில் சீக்கிரம் விற்றுவிட்டு, பிறகு ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். என்னை உட்காரச் சொல்லி ஒரு முக்காலியை நகர்த்தினார். நேர் வண்டியை நிறுத்திய முடிவை எழுதியவர்களில் நானும் ஒருத்தி என்று சொன்னேன். மணலி புதுநகரைப் பற்றி, அந்தச் சாலையைப் பற்றி, சாந்தியைப் பற்றியும் சொன்னேன். மீன் செதில் ஒட்டிய கையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு நேரத்தோட வூட்டுக்குப் போவுதா?"

"போவாள்னு நெனைக்கிறேங்கா. இன்னைக்குச் சாயந்திரம் போய்ப் பாக்கணும்."

"போவட்டும். அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அவங்களுக்குன்னு ஒரு வண்டி வுட்டிருக்கலாமில்ல? எங்களுத எடுத்து ஏன் குடுத்தாங்க?"

"கேட்டேங்கா. தரல."

அவர் தலையாட்டினார். பிறகு வாடிக்கையாளர் ஒருவர் வர, கானாங்கெளுத்தியைத் தூக்கிக் காட்டி விலை சொல்லத் தொடங்கினார். நான் எழுந்து முக்காலியை ஓரமாக வைத்தேன்.

அன்று வீடு திரும்பும்போது கார் பிடிக்கவில்லை. வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோ, பிறகு பேருந்து. கடற்கரையோரச் சாலைகள் தெற்கே வரவர அகலமாகிக்கொண்டே வந்தன. திருவான்மியூரில் இறங்கி, களைப்பில் நிறுத்தத்து இருக்கையில் சிறிது நேரம் உட்கார்ந்தேன். ஒரே தடத்தில் மூன்று வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலாவதில் பத்துப்பேர் இருந்திருப்பார்கள். மற்ற இரண்டும் ஏறக்குறைய காலி. மூன்றாவது வண்டியின் ஓட்டுநர் எனக்காக நிறுத்தி, ஏறுகிறீர்களா என்பதுபோல் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். விளக்குகள் எல்லாம் எரிய, ஆளில்லாத இருக்கைகளோடு அது கிளம்பிப் போனது.